மூன்றாவது ஸ்க்ரூ

ஜனவரி 9

டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்கு ஞாபகம் இருக்காது. வீடுகளுக்கு ஒயரிங் செய்து பிழைக்கிறவன். உங்களுக்கு முன்னால் அதே வயிற்றில் பிறந்தவன் என்று ஒரு தகவல் உண்டு, அதை இப்போது யாரும் சரிபார்க்க வேண்டாம். மூன்று வருடத்துக்கு முன் என் மகள் மிளகின் தாடை உடைந்தபோது நீங்கள்தான் உங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தீர்கள். அந்த வகையில் மட்டும் எழுதுகிறேன்.

மிளகுக்கு ஒன்பது வயதாகிறது. கீழ் வரிசையில் வலப்பக்கக் கோரைப்பல் விழுந்து, புதிது முளைத்து, நன்றாகவே நிற்கிறது. இடப்பக்கம், அதாவது நீங்கள் கை வைத்த பக்கம், பால் பல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் தெருப் பல் டாக்டரிடம் காட்டினோம். சாதுவான மனுஷன். படம் எடுத்துப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு, "இத வச்ச டாக்டர்கிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றார். அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. உங்கள் ஆட்களுக்குள் ஒற்றுமை பலமாகத்தான் இருக்கிறது.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அனுப்புவதற்கு முன் மூன்று நாள் அதை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். தாடையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஸ்க்ரூவைப் பற்றி இருபது வருடமாகத் தெரியும். தாடையின் கீழ் விளிம்பு ஓரமாக ஒரு தகடு, அதில் நான்கு ஸ்க்ரூ. முன்பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது ஸ்க்ரூ, முளைக்காத அந்தப் பல்லின் மேலேயே நிற்கிறது. சுவருக்குள் பைப் எங்கே போகிறது, ஒயர் எங்கே போகிறது என்று பார்க்காமல் நான் டிரில்லைக் கையில் எடுக்க மாட்டேன். என்னிடம் வேலை செய்கிற யாராவது எடுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

படம் தட்டையானது, முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒன்றாகத்தான் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம். அதுவும் எனக்குத் தெரியும். ஆகவே ஒரே ஒரு கேள்வி. அந்த நான்கு ஸ்க்ரூவும் ஒரே நீளமா?

போன் செய்ய வேண்டாம். போனில் நான் கத்துவேன், மிளகு கேட்டுக்கொண்டிருப்பாள். பதிலைத் தபாலில் அனுப்பவும்.

இப்படிக்கு,
நோயாளியின் தகப்பன்


ஜனவரி 15

அண்ணா,

பக்கம் முழுக்க "நீங்கள்" என்று எழுத உனக்குக் கை எவ்வளவு வலித்திருக்கும். வீட்டுக்கு மின் இணைப்பு கொடுக்கிற அதிகாரியிடம்கூட நீ இத்தனை மரியாதையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

படம் வந்தது. மடங்காமல் இருக்க இரண்டு பக்கமும் அட்டை வைத்து அனுப்பியிருந்தாய், அதற்கு மட்டும் நன்றி. இனி என் முறை.

மிளகு வீட்டுக்குப் போன அன்று, மூன்று மாதத்தில் தகட்டைக் கழற்ற வர வேண்டும் என்று சீட்டில் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு, அண்ணி கையில் கொடுத்தேன். நீ வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று அட்டை அனுப்பினேன். நான்காவதைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், "வாங்க மறுத்தார்" என்று முத்திரை குத்தித் திரும்பி வந்தது. மூன்று மாதம் இருக்க வேண்டிய தகடு மூன்று வருடமாக அந்தக் குழந்தையின் தாடையில் இருக்கிறது. கட்டடம் காய்ந்ததும் சாரத்தைப் பிரிக்கிறார்களா, இல்லையா? நீதான் கட்டட வேலைகளில் புழங்குகிறவன், சொல்.

ஆறு வயதுக் குழந்தையின் தாடையில் எலும்பு கொஞ்சம்தான், பல் மொட்டுகள்தான் அதிகம். மேலே பால் பற்கள், அடியில் வரப்போகிற நிரந்தரப் பற்கள், இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு கிடக்கும். அவற்றில் கோரைப்பல் மொட்டு எல்லாவற்றுக்கும் கீழே, ஏறக்குறைய விளிம்பைத் தொட்டுக்கொண்டு இருக்கும். மிளகின் எலும்பு உடைந்த கோடு அந்த மொட்டை உரசிக்கொண்டு ஓடியது. மொட்டை எடுத்துப் போட்டுவிட்டால் வேலை சுலபம் என்று ஆபரேஷன் தியேட்டரில் ஒருவர் சொன்னார். நான் எடுக்கவில்லை. மொட்டு இருந்தால்தான் பல்லும் வரும், சுற்றிலும் எலும்பும் வளரும். முதலில் பற்களுக்கு மேல் பிளாஸ்டிக் கவசம் செய்து கம்பியால் கட்டிப் பார்த்தேன். துண்டுகள் நிற்கவில்லை. குழந்தை எலும்பு நாலைந்து நாளில் ஒட்ட ஆரம்பித்துவிடும், கோணலாக ஒட்டினால் மறுபடி உடைக்க வேண்டும். எங்கள் பெரிய டாக்டர் விடுப்பில் இருந்தார். வேறு யாரும் இல்லாததால் நான் தகடு வைத்தேன். சொந்த அண்ணன் மகள்மேல் கத்தி வைக்க யாரும் ஆசைப்பட மாட்டார்கள்.

இப்போதுள்ள நிலைமையைக் கேள். அந்தப் பல்லின் வேர் இன்னும் முழுதாக வளர்ந்து முடியவில்லை. முடிவதற்குள் வழியில் இருக்கும் தடையை எடுத்தால் பல் தானாக ஏறி வர வாய்ப்பிருக்கிறது. நாள் போகப்போக அந்த வாய்ப்பு குறையும். அப்புறம் கம்பி கட்டி இழுக்க வேண்டும், அதற்கும் வராவிட்டால் எடுத்துப் போட வேண்டும். உன் ரோஷத்துக்கு அந்தப் பல் காத்திருக்காது. அடுத்த மாதமே கூட்டிக்கொண்டு வா.

ஸ்க்ரூ அளவெல்லாம் கோப்பில் இருக்கும். எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

தங்கை


ஜனவரி 21

கோப்பில் பார்க்கச் சொல்லும் டாக்டருக்கு,

"நீங்கள்" போதும். கோபத்துக்கு "நீ"தான் வசதி.

கோப்பு என்றாயே, அந்தக் கோப்பில் ஸ்க்ரூ அளவு மட்டுமா எழுதினாய்? நீ உள்ளே மிளகின் வாயைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் வெளியே எனக்கு என்ன நடந்தது என்று உன்னிடம் யாராவது சொன்னார்களா? நோட்டுப் புத்தகம் வைத்திருந்த ஒரு அம்மா என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். சின்ன அறை. இரண்டு நாற்காலி, குழந்தைகளை எடை போடும் மெஷின், சுவரில் போன மாதத்து நாள்காட்டி. "குழந்தைய அடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "குடிப்பீங்களா?" என்றாள். இல்லை என்றேன். பிறகு, "சின்ன வயசுல உங்க அப்பா உங்கள பெல்ட்டால அடிப்பாராமே?" என்று கேட்டாள்.

அந்தப் பெல்ட்டைப் பற்றி உலகத்தில் நாலு பேருக்குத்தான் தெரியும். அதில் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அண்ணியிடம்கூட. அப்படியானால் மிச்சம் யார்?

அவர் பெல்ட்டை உருவும் சத்தம் கேட்டால், "வாலு, பீரோ பின்னாடி போ" என்று உன்னைத் தள்ளிவிட்டு நான் போய் முன்னால் நிற்பேன். உன் பங்கையும் சேர்த்து வாங்குவேன். அதை நீ எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஆளின் கையை வெட்டி எனக்கு ஒட்டவைப்பாய் என்று நினைக்கவில்லை. நாற்பது நிமிடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நான் அவர் இல்லை, நான் அவர் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் அந்த வாசலை மிதிப்பேனா? உன் அட்டைகளைப் படிக்காமலே கிழித்தேன். என் வீம்பில் பிள்ளையின் பல் போகிறது என்கிறாள் உன் அண்ணி. சரியாகத்தான் சொல்கிறாள். அதற்காக உன்மேல் இருக்கிற கோபம் குறைந்துவிடுமா?

இரண்டு பக்கம் பாடம் நடத்தியிருக்கிறாய். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. நான்கும் ஒரே நீளமா, இல்லையா?

அண்ணன்


ஜனவரி 28

அண்ணா,

உன் கடிதத்தை ஓய்வறையில் நின்றுகொண்டே படித்தேன். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்ததை எனக்கு நீ நினைவுபடுத்த வேண்டியதில்லை. அது மறந்துபோயிருந்தால் கோப்பில் அந்த வரியை எழுதியிருக்கவே மாட்டேன்.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்றாய். வழுக்கி விழுகிற குழந்தைக்கு முட்டியிலோ முழங்கையிலோ சிராய்ப்பு இருக்கும். மிளகுக்கு அங்கெல்லாம் ஒன்றுமில்லை. சட்டையைக் கழற்றினால் இடது தோளுக்குக் கீழே ஒரு தடம், விலாவில் இன்னொரு தடம். இரண்டும் ஒரே அகலம், பட்டையாக, நேராக, கன்றிப்போய் இருந்தன. அந்த மாதிரித் தடத்தை நான் எங்கே பார்த்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியும். உன் முதுகில் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு மிளகிடம் கேட்டேன். வாயைத் திறக்க முடியாமல் முனகினாள். "அப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க அத்தை" என்றாள்.

என் இடத்தில் நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? கூடப் பிறந்தவன் என்பதற்காகப் பேனாவை மூடி வைத்திருப்பாயா? வேறு எந்தத் தகப்பன் அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாலும் எழுதியிருப்பேன். "சொல்லும் காரணமும் காயமும் பொருந்தவில்லை" என்று எழுதினேன். அப்படி எழுதினால் விசாரிக்க வருகிற ஆஸ்பத்திரி சமூகப் பணியாளர்தான் அந்த அம்மா, முதலில் என்னிடம் குடும்பத்தைப் பற்றி விசாரித்தாள். அப்பாவைப் பற்றிச் சொன்னது நான்தான். அதற்கு மட்டும் வெட்கப்படுகிறேன், மற்ற எதற்கும் இல்லை.

நீ வராந்தாவில் நின்று "நான் அடிக்கல" என்று கத்தினாய். அடிக்கவில்லை என்றால் வேறு என்னதான் நடந்தது? இந்த மூன்று வருடத்தில் அதை ஒரு தடவை சொன்னாயா? உன் கோபத்தை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள். குழந்தையை மட்டும் அனுப்பு. அந்தப் படத்தைத் தினமும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 5

தங்கைக்கு,

உன் கடிதத்தை அண்ணியும் படித்தாள். "என்ன தடம் அது?" என்று கேட்டாள். சொன்னேன். அதிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. தட்டை மேஜையில் வைக்கிற சத்தத்தில் மட்டும்தான் பேச்சு. பேனாவையும் காகிதத்தையும் அதே சத்தத்தோடு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

என்னிடம் ஒரு அலுமினிய மடக்கு ஏணி உண்டு. கால்கள் விரியாமல் பிடித்துக்கொள்ளும் பட்டை ஒரு பக்கம் உடைந்துவிட்டது. அங்கே பழைய ஒயரைச் சுற்றிக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். தூக்கிப் போடுங்கள் என்று அண்ணி மூன்று தடவை சொல்லிவிட்டாள். அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். நான் கூடத்தில் மின்விசிறி மாற்றிக்கொண்டிருந்தேன். ரெகுலேட்டரை எடுக்க வாசலில் நின்ற வண்டிக்குப் போனேன். இரண்டு நிமிடம் இருக்கும். ஏணியை மடக்காமல் போனேன்.

திரும்பி வந்தபோது ஏணி மல்லாந்து கிடந்தது, அடியில் மிளகு. மேலே ஏறியிருக்கிறாள், ஒயர் அவிழ்ந்து கால்கள் விரிந்திருக்கின்றன. மோவாய் மேஜை விளிம்பில் இடித்து, ஏணி அவள்மேல் விழுந்திருக்கிறது. நீ பார்த்த தடம் இரண்டும் ஏணிப் படிகள். படியின் அகலத்தையும் இரண்டு படிக்கும் இடையே உள்ள தூரத்தையும் அளந்து இந்தத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். ஏணி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. நம்பிக்கை இல்லாவிட்டால் வந்து அளந்துகொள்.

என்னிடம் வேலைக்குச் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாள் ஏணிப் பாடம் எடுக்கிறவன் நான். என் வீட்டு ஏணியில் என் பிள்ளையின் தாடை உடைந்தது என்று அண்ணியிடம் எந்த வாயால் சொல்வது? அதனால்தான் குளியலறை என்றேன். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மிளகிடம் சொன்னது அவள் அம்மாவை நினைத்துத்தான், உன்னை நினைத்து இல்லை. அந்தப் பிள்ளை அதை மூன்று வருடம் காப்பாற்றியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்கே என்மேல் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது.

பொய் சொன்னவன் நான்தான். ஆனால் நீ கேட்டிருக்கலாம். என் சட்டையைப் பிடித்து, "அண்ணா, உண்மையச் சொல்லு" என்று ஒரு தடவை உலுக்கியிருந்தால் சொல்லியிருப்பேன். நீ நோட்டுப் புத்தகத்தை அனுப்பினாய்.

என்னிடம் இருந்ததைச் சொல்லிவிட்டேன். இனி உன்னுடையது.

அண்ணன்


பிப்ரவரி 11

அண்ணா,

இல்லை. ஒரே நீளம் இல்லை. மற்ற மூன்றும் நான்கு மில்லிமீட்டர். மூன்றாவது மட்டும் ஆறு.

கோப்பைத் தேட வேண்டிய அவசியம் எனக்கு எப்போதுமே இருந்ததில்லை. குழந்தைகளுக்கு நான்கு மில்லிமீட்டர்தான் போடுவோம். எலும்பின் வெளிச்சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், உள்ளே இருக்கும் மொட்டைத் தொடாது. மூன்றாவதையும் அப்படித்தான் இறக்கினேன். ஸ்க்ரூ பிடித்ததும் கை நின்றுவிட வேண்டும். உனக்குத் தெரியும், என் கைக்கும் தெரியும். அன்று நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். மரை போய்விட்டது. ஸ்க்ரூ பிடிமானம் இல்லாமல் சும்மா சுற்றியது.

மிளகின் தோளைத் துணி மூடியிருந்தது. ஆனாலும் எனக்கு அந்தத் தடங்கள்தான் கண்ணில் நின்றன. நான் முறுக்கியது ஸ்க்ரூவை இல்லை அண்ணா, உன்னை.

அந்த மாதிரி நேரத்துக்கென்று கொஞ்சம் தடித்த ஸ்க்ரூ ஒன்று பெட்டியில் இருக்க வேண்டும். அன்று இல்லை. வேறு துளை போட்டால் நேராக மொட்டின் நடுவில் விழும். காலியாக விட்டால் எலும்புத் துண்டு ஆடும். ஆறு மில்லிமீட்டரை எடுத்து அதே துளையில் இறக்கினேன். மூன்று மாதத்தில் கழற்றத்தானே போகிறோம் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. பிள்ளையை அடித்தவனுக்கு நான் எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

அந்த அட்டைகளில் ஒன்றிலாவது, "ஸ்க்ரூ பல்லில் படுகிறது, தள்ளிப் போடாதே" என்று எழுதியிருக்கலாம். கிழிக்கும்போது அந்த ஒரு வரி கண்ணில் பட்டிருந்தால் நீ பல்லைக் கடித்துக்கொண்டாவது வந்திருப்பாய். எழுதவில்லை. அச்சடித்த அட்டையை அப்படியே அனுப்பினேன்.

தகட்டைக் கழற்றப் பெரிய டாக்டரிடம் பேசியிருக்கிறேன். நான் தியேட்டருக்குள் வரமாட்டேன். என் கைமேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

தங்கை


பிப்ரவரி 17

மரை போகும்வரை முறுக்கியவளுக்கு,

படித்ததும் கிழித்துப் போட்டேன். அண்ணி பொறுக்கி எடுத்து ஒட்டி வைத்திருக்கிறாள்.

கோபத்தோடு வந்தால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடாதே என்று நான் என் ஆட்களிடம் தலைபாடாக அடித்துக்கொள்வேன். அவர்கள் பள்ளிக்கூடப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், அவர்களுக்கே புரிகிறது. நீ எத்தனை வருடம் படித்தாய்? உன் பரீட்சைக்கு எத்தனை நாள் ஸ்டேஷன்வரை சைக்கிள் மிதித்தேன்? என் பிள்ளையின் வாய்க்குள் போயா என்னை முறுக்க வேண்டும்?

பெரிய டாக்டர் வேண்டாம். எந்தத் துளையில் என்ன இருக்கிறது, எங்கே மரை போயிருக்கிறது என்று தெரிந்தவள் நீ ஒருத்திதான். நான் ஒயரிங் செய்த வீட்டில் பழுது வந்தால் நானேதான் போவேன், திட்டு வாங்கிக்கொண்டே சரிசெய்வேன், வேறு ஆளை அனுப்ப மாட்டேன். நீ வைத்தாய், நீயே கழற்று. பெரிய டாக்டர் பக்கத்தில் நிற்கட்டும்.

அந்தக் கோப்பில் என்னைப் பற்றி எழுதிய வரியை அடித்துவிடு. அதற்கப்புறம்தான் வருவேன்.

அண்ணன்


பிப்ரவரி 23

அண்ணா,

கோப்பில் எழுதிய எதையும் அடிக்க முடியாது, உனக்காகவும் முடியாது, எனக்காகவும் முடியாது. கீழே தேதி போட்டு எழுதலாம். எழுதிவிட்டேன். நீ வரைந்து அனுப்பிய அளவையும் அன்று நான் கோப்பில் குறித்துவைத்த அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு ஒன்றாக இருக்கிறது.

எழுதியது இது: "காயம், மடக்கு ஏணி சரிந்து விழுந்ததால் ஏற்பட்டது. தோளிலும் விலாவிலும் இருந்த தடங்கள் ஏணிப் படிகளோடு பொருந்துகின்றன. தந்தைமேல் எழுந்த சந்தேகம் தவறு." அதற்குக் கீழே இன்னொன்று எழுதினேன்: "மூன்றாவது ஸ்க்ரூ ஆறு மில்லிமீட்டர். பல் மொட்டில் படுகிறது. அறுவை செய்தவரின் பிழை. குடும்பத்திடம் மூன்று வருடம் சொல்லப்படவில்லை."

இரண்டாவது குறிப்புக்காகப் பெரிய டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். அங்கே வாங்கியது உன்னிடம் வாங்கியதைவிடக் குறைவுதான்.

மார்ச் 12, காலை ஏழு மணி. வெறும் வயிறு, தண்ணீர்கூடக் கூடாது. நானே கழற்றுகிறேன்.

தங்கை


ஜூன் 20

அண்ணா,

படம் வந்தது. உறையைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

மார்ச்சில் மூன்று நாள் வார்டில் இருந்தாய். "எத்தன மணிக்கு வீட்டுக்கு விடுவீங்க?" என்று நர்ஸிடம் கேட்பதுபோல என்னிடம் கேட்டதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. தகட்டை எலும்பு மூடியிருந்ததையும், செதுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்ததையும், பால் பல்லை எடுத்து வழி விட்டதையும் அண்ணியிடம்தான் சொன்னேன். நான்கு ஸ்க்ரூவையும் புட்டியில் போட்டுக் கொடுத்தபோது ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனாய். அந்த இடத்தில் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அது தெரிந்துதான் நீ திட்டவில்லை.

பல் மூன்று மில்லிமீட்டர் மேலே ஏறியிருக்கிறது. வந்துவிடும் என்று நினைக்கிறேன். உறுதி சொல்ல மாட்டேன். வந்தாலும் ஸ்க்ரூ பட்ட இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும், அது போகாது. இந்தத் தடவை முன்னாலேயே சொல்லிவிட்டேன். மிளகிடம் என்ன சொல்வது என்று நீ முடிவு செய்.

தங்கை


டிசம்பர் 4

ஏ வாலு,

பல் வந்துவிட்டது. வரிசையில் இடித்து நுழைந்த ஆள் மாதிரி கொஞ்சம் திரும்பி நிற்கிறது. முன்பக்கம் நீ சொன்ன பள்ளம், கடுகளவு, பழுப்பு நிறம். அடைத்துவிட்டால் வெளியே தெரியாது என்கிறார் தெருப் பல் டாக்டர்.

நேற்று மிளகு கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இது என்னப்பா ஓட்டை?" என்று கேட்டாள். பூச்சி அரித்தது என்று சொல்லியிருப்பேன். அண்ணி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஏணியை, நான் சொன்ன பொய்யை, உன் நோட்டுப் புத்தகக்காரியை, மூன்றாவது ஸ்க்ரூவை, நான் கிழித்த அட்டைகளை, எதையும் விடவில்லை. புட்டியை எடுத்துவந்து நான்கு ஸ்க்ரூவையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். நீளமானது எது என்று நான் சொல்லவில்லை, அவளே கண்டுபிடித்துத் தனியாக நகர்த்தி வைத்தாள்.

அதை விரலால் உருட்டிப் பார்த்தாள். பிறகு, "அப்ப நீங்களும் அத்தையும் என் வாய்க்குள்ளதான் சண்ட போட்டிருக்கீங்க" என்றாள். "நான்தான் யார்கிட்டயும் சொல்லாம வாய மூடிக்கிட்டு இருந்திருக்கேன்."

அழவில்லை. அவளுக்குக் கோபம். மூக்கு விடைத்து, உதடு வெளுத்து, நம் வீட்டுக் கோபம் அப்படியே இருந்தது. ஓட்டையை அடைக்க விடமாட்டாளாம். "அத்தைய வரச் சொல்லுங்க. ரெண்டு பேரும் ஒண்ணா உக்காருங்க. நான் கேக்கணும்" என்றாள். அதற்கப்புறம் என்னோடு ஒரு வார்த்தை இல்லை. இந்த வீட்டில் இப்போதுதான் அண்ணி பேச ஆரம்பித்திருந்தாள், அதற்குள் இவள் நிறுத்திவிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. உனக்கும் என்மேல் தீர்ந்திருக்காது. அதை நாம் பிறகு வைத்துக்கொள்வோம். ஏணியை அறுத்துப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வா, ஸ்டேஷனில் நிற்கிறேன்.

அன்றெல்லாம் உன்னைப் பீரோவுக்குப் பின்னால் தள்ளிவிட்டு நான் மட்டும் முன்னால் நின்றேன். அது சரிதான், அந்த ஆள் கையில் பெல்ட் இருந்தது. மிளகு கையில் ஒன்றும் இல்லை, கேள்வி மட்டும்தான் இருக்கிறது. இந்தத் தடவை என்னால் தனியாக நிற்க முடியாது. நீயும் வந்து என் பக்கத்தில் உட்கார்.

அண்ணன்